1.6 ரோட்ஸ்டருக்கு எந்த டர்போ: டி25-ஆ, டி28-ஆ?

4 ஜூன்

பினாங்கு ஜெலுகோரிலிருந்து வந்த கேள்வி, அப்படியே. (புதியவர்களுக்கு: டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. யூனோஸ் ரோட்ஸ்டர் மாஸ்டாவின் ஸ்போர்ட்ஸ் காடி, அதாவது கார். டி25, டி28, ஜிடி2860ஆர்எஸ் மூன்றும் டர்போ மாடல்கள், டி25 சிறிசு. ஹாஃப்கட் என்றால் பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காடி, ஃபோர்மன் என்றால் மெக்கானிக்.)

"அண்ணே, 1990 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6, அஞ்சு கியர். இன்ஜின் நல்லா இருக்கு, கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தாச்சு. டர்போ போடணும். பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஹாஃப்கட் கடையில சில்வியா டி28 கிடக்காம், அதையே போடு, பெரிசா போட்டா பிறகு மாத்த வேண்டாம்னு ஃபோர்மன் சொல்றார். கூட்டாளி ஜிடி2860ஆர்எஸ் வாங்குங்கிறான். எனக்கு 250 குதிரை வந்தா போதும். வார நாள்ல பாயான் லெப்பாஸ் வேலைக்கு, ஞாயித்துக்கிழமை பாலேக் பூலாவ். எதைப் போடலாம்?"

இரண்டும் வேண்டாம் தம்பி. டி25 போடுங்கள், அல்லது அதே அளவில் ஒரு டிடி04 (வேறொரு டர்போ வகை). காரணத்தை இரவு எழுதுகிறேன்.

"பெரிசா போட்டா பிறகு மாத்த வேண்டாம்" என்பது பள்ளிக்கூடச் சட்டை எடுக்கும்போது அம்மா போடுகிற கணக்கு. பிள்ளை வளரும், 1,597 சிசி வளராது.

4 ஜூன், இரவு

டி28 எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். எஸ்13 தலைமுறை சில்வியாவின் எஸ்ஆர்20 டர்போ இன்ஜினுக்கு நிசான் டி25 வைத்து 205 பிஎஸ் (குதிரைத்திறன்) எடுத்தது. எஸ்14-இல் டி28 வைத்து 220. எஸ்15-இல் பால் பேரிங் டி28 வைத்து 250. மூன்றும் 2.0 லிட்டர். இரண்டு லிட்டர் இன்ஜினுக்கு நிசானே முதலில் போதும் என்று நினைத்தது டி25. உங்களிடம் இருப்பது அதைவிட 400 சிசி குறைவு.

இனி கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவுக்கும் காற்றை இழுக்கும். 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுற்று), சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு சுமார் 4,750 லிட்டர். நம்மூர் 33 டிகிரி காற்றில் அது ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பவுண்டில் சொன்னால் 12. டர்போ வரைபடங்கள் பெரும்பாலும் பவுண்டில்தான் இருக்கும், அதனால் பவுண்டுக்கே பழகிக்கொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜினில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று ஏறக்குறைய பத்துக் குதிரை தரும். ஆக 120. ஜப்பானில் இந்தக் காடியை விற்றபோது போட்ட எண்ணும் 120 பிஎஸ்தான். கணக்கு சரியாக உட்காருகிறது.

அரை பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னும் பாதி, ஏற்றினால் அழுத்த விகிதம் 1.5. இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவி) தாண்டியும் காற்று கொஞ்சம் சூடாகவே இருக்கும் என்பதைக் கழித்தால் 17 பவுண்டு, அதாவது 170 குதிரை. 0.8 பாருக்கு 205 பக்கம். நீங்கள் கேட்கும் 250-க்கு 1.2 பாருக்கு மேல் ஏற்ற வேண்டும். அதைப் பற்றி நாளைக்கு.

இந்த 17, 20 பவுண்டுக்கு டி25 தாராளம். ஜிடி2860ஆர்எஸ் நல்ல டர்போதான். 28 அதன் டர்பைன் (புகை சுழற்றும் பக்கம்) அளவு வரிசை, 60 என்பது கம்ப்ரஸர் (காற்றை அமுக்கும் பக்கம்) சக்கரத்தின் வெளிவிட்டம் மில்லிமீட்டரில். அதைச் செய்யும் கேரட் நிறுவனம் அதற்குப் போட்டிருக்கும் வரம்பே 250-லிருந்து 360 குதிரை. அது வேலையைத் தொடங்குகிற இடத்தில் உங்கள் இன்ஜின் முடிந்துவிடும்.

ஆனால் உச்சக் குதிரையை வைத்து டர்போ பொறுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த ஆர்பிஎம்மில் வாழ்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பழைய ஐந்து கியர் ரோட்ஸ்டரில் கடைசி டிரைவ் 4.3, மூன்றாம் கியர் 1.33, ஐந்தாம் கியர் 0.814. 14 இன்ச் டயரில் மணிக்கு 110 போனால் ஐந்தாவதில் 3,500 பக்கம் நிற்கும். மூன்றாவதில் 60 என்றால் 3,150. இரண்டாவதில் 40 என்றால் 3,000-க்குக் கொஞ்சம் கீழே. ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் வேகம் இந்த 40, 60-தான். பூஸ்ட் அங்கே இருக்க வேண்டும். என் காடியில் டி25 மூவாயிரத்தைத் தாண்டியதுமே தள்ள ஆரம்பித்துவிடும். நண்பர் ஒருவரின் 1.6-இல் டி28. நாலாயிரம் வரை ஒன்றுமே நடக்காது, அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். நேர் சாலையில் அது சிரிப்பு. வளைவு நடுவில் ஈரத்தில் அது சிரிப்பு இல்லை.

5 ஜூன்

"டி28-இல் 250 போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே" என்று ஜெலுகோர் தம்பி கேட்கிறார். இருக்கிறார்கள். உள்ளே கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) மாற்றியிருப்பார்கள். மாற்றாதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் இருப்பார்கள்.

இந்த பி6 இன்ஜின் பலமானதுதான். மாஸ்டா 323-இல் டர்போ வைத்து ஓட்டிய இன்ஜின் குடும்பம், கம்ப்ரஷனும் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற எண்) 9.4-தான், டர்போவுக்குத் தோதான எண். ஆனால் கம்பெனி ராடுக்கு ரோட்ஸ்டர்காரர்கள் பொதுவாகச் சொல்கிற எல்லை, பின் சக்கரத்தில் அளந்தால், 200 குதிரை சொச்சம். அதற்கு முன்னால் பின் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) கைவிடும். பழைய 1.6-இல் இருப்பது ஆறு இன்ச் ரிங் கியர். 1.8 வந்தபோது மாஸ்டாவே ஏழு இன்ச்சாக்கியது. கிளட்சைத் தட்டிவிட்டுக் கிளம்புகிற பழக்கம் இருந்தால் 1.8-இன் டிஃபரன்ஷியலை இப்போதே தேடத் தொடங்குங்கள்.

ஆயிரம் கிலோவைத் தொடாத காடி இது. 170 குதிரை எப்படி இருக்கும் என்று ஒருமுறை யாருடைய காடியிலாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு 250 பற்றிப் பேசுவோம்.

5 ஜூன், பிறகு

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். சின்ன டர்போ போட்டுவிட்டதாலேயே ராட் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராடை வளைப்பது குதிரை அல்ல, டார்க், அதாவது சுழற்று விசை. 3,000-இலேயே டி25-இல் 0.9 பார் ஏற்றிவிட்டால், 6,500-இல் வரும் அதே பூஸ்டைவிட அது ராடுக்கு மோசம். அந்த வகையில் பெரிய டர்போ, கீழே பூஸ்ட் இல்லாததாலேயே, இன்ஜினுக்கு இரக்கம் காட்டும். டி28 ஆட்களுக்கு நான் விட்டுக்கொடுக்கிற ஒரே புள்ளி இது. ஆனால் அதற்குத் தீர்வு பூஸ்டைக் குறைத்து வைப்பதுதானே தவிர டர்போவைப் பெரிதாக்குவது இல்லை.

6 ஜூன்

கோலாலம்பூர் செராஸ்காரர் ஒருவர் இடையில் நுழைந்து, "என்னுடையது டொயோட்டா 86, இதே கணக்கு எனக்கும் பொருந்துமா?" என்கிறார்.

காற்றுக் கணக்கு பொருந்தும். மற்றது பொருந்தாது. 86-இல் இருக்கும் எஃப்ஏ20 இன்ஜினின் கம்ப்ரஷன் 12.5. அதே குடும்பத்தில் சுபாரு தானே டர்போ வைத்தபோது, டபிள்யூஆர்எக்ஸுக்குப் போன எஃப்ஏ20டிஐடியில், அதை 10.6-ஆக இறக்கியது. கம்பெனிக்குத் தெரியாமலா இறக்குவார்கள்? 86-இல் கம்பெனி பிஸ்டனோடு டர்போ வைக்கலாம், வைக்கிறார்கள், ஆனால் அரை பார் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும், ட்யூனர் (இன்ஜின் கணினியைத் திருத்தி அமைப்பவர்) நல்லவராக இருக்க வேண்டும், ரான் 95-ஐ (ஆக்டேன் 95 பெட்ரோலை) மறந்துவிட வேண்டும்.

உயர் கம்ப்ரஷனில் டர்போ வைப்பது புதுக் கிறுக்கு இல்லை. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு காடி. மூன்றரை லிட்டர் வி8, கம்ப்ரஷன் 10.25, அதன் மேல் கேரட் டர்போ. நாக்கிங்கை (கலவை தானாக வெடித்துத் தட்டுவதை) அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீய்ச்சினார்கள், அதற்குத் தனித் தொட்டி. தொட்டியை நிரப்ப வாடிக்கையாளர்கள் மறந்தார்கள். பலருக்கு அது எதற்கு என்றே புரியவில்லை. கடைசியில் பல காடிகளில் கம்பெனியே டர்போவைக் கழற்றி சாதாரண கார்பரேட்டர் மாட்டிக் கொடுத்தது. இன்று வாட்டர்-மெத் கிட் விற்கிறவர்கள் எல்லாம் அதே சாமானைத்தான் சென்சாரோடு விற்கிறார்கள். தொட்டி காலியானால் பூஸ்டைத் தானாகக் குறைக்கிற ஏற்பாடு இல்லாமல் அதை மாட்டவே கூடாது.

86 பேச்சு போதும். அதற்கு வேறு இழை போடுங்கள்.

8 ஜூன்

யாரும் கேட்கவில்லை, ஆனால் டர்போ அளவைவிட இதுதான் முக்கியம். சூடு.

காற்றை அமுக்கினால் சூடாகும். 33 டிகிரியில் உள்ளே போகிற காற்றை அரை பாருக்கு அமுக்கினால், கம்ப்ரஸர் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், வெளியே வரும்போது 87 டிகிரி பக்கம். ஒரு பாருக்கு அமுக்கினால் 129. கொதிநீரைத் தாண்டியாயிற்று. ஒழுங்கான இன்டர்கூலர் அந்த 87-ஐ 50-க்குக் கொண்டுவரும். அது காடி ஓடும்போது. பத்துமலைப் பக்கம் எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில் மதியம் நெரிசலில் நின்றால் அதே இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தானும் வெந்து, ரேடியேட்டரையும் வேக வைக்கும். எனக்கு அது மாதக்கணக்கில் தலைவலி. மீட்டரில் உள்ளிழுக்கும் காற்று 70-ஐத் தாண்டியிருக்கும், பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காடி சோம்பலாக நகரும். ட்யூனர் சூட்டுக்கு ஏற்ப இக்னிஷனை (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை) பின்னால் தள்ளி வைத்திருந்தார், அதனால்தான் சோம்பல். அந்தச் சோம்பல்தான் பிஸ்டனைக் காப்பாற்றியது.

கடைசியில் சரி செய்தது டர்போவில் கை வைக்காமல்தான். அலுமினிய ரேடியேட்டர். மூக்குத் துவாரத்திலிருந்து ரேடியேட்டர் வரை காற்று பக்கவாட்டில் தப்பாமல் இருக்க, அலுமினியத் தகடு வெட்டி மடித்து இரண்டு பக்கமும் அடைத்தோம், ஓரத்தில் ஃபோம் ஒட்டினோம். ரோட்ஸ்டரில் அந்த இடைவெளி கையே நுழைகிற அகலம். இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுவிட்டு எவ்வளவு பெரிய இன்டர்கூலர் வைத்தும் பயனில்லை, காற்று சுலபமான வழியைத்தான் பார்க்கும். அப்புறம் டர்பைனின் இரும்புக் கூட்டுக்கு ஒரு வெப்பப் போர்வை, டவுன்பைப்புக்கு (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்க்கு) சுற்றுத்துணி. பானெட்டுக்குக் கீழே கையை நீட்டினால் தெரிகிற வித்தியாசம்.

பினாங்கில் கடல் காற்று இருக்கிறதே என்பீர்கள். துன் டாக்டர் லிம் சொங் யூ விரைவுச்சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள், எந்தக் காற்று என்று.

செப்பாங் பந்தயத் தடத்தில் 2014 முதல் 2017 வரை ஓடிய ஃபார்முலா ஒன் காடிகளும் 1.6 லிட்டர் டர்போதான், அதாவது உங்கள் சாலை வரி வகுப்பு. அவர்களுக்கும் அங்கே முதல் கவலை குளிர்ச்சிதான். ஒரு ட்ராக் நாளில் சில சுற்றிலேயே என் காடி மீட்டர் ஏறி, பிட்டுக்குள் வந்து பானெட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துக் கொட்டகையில் சும்மா ஒரு பழைய சத்ரியா ஜிடிஐ, டர்போ இல்லை, நாள் முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் எரிகிறது.

9 ஜூன்

சூப்பர்சார்ஜர் (புகைக்குப் பதில் இன்ஜின் பெல்ட்டே சுழற்றும் காற்று அமுக்கி) பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நல்லதுதான். கீழிருந்தே தள்ளும், எக்ஸாஸ்ட் பக்கம் சூடு குறைவு, எண்ணெய்க் குழாய்த் தொல்லை பெரும்பாலானவற்றில் இல்லை. ரோட்ஸ்டருக்கு நம் நாட்டில் கிட் தேடிப் பிடிப்பது பெரும்பாடு, பெல்ட், புல்லி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பணமும் பொறுமையும் இருந்தால் போடுங்கள். என்னிடம் இரண்டும் இல்லை.

11 ஜூன்

ஃபோர்மனும் தம்பியும் இப்போது டி25 தேடுகிறார்களாம். ஹாஃப்கட் டர்போ வாங்கும்போது என்ன பார்ப்பது என்று கேட்கிறார்.

கையில் டார்ச்லைட், பாக்கெட்டில் டிஷ்யூ. கம்ப்ரஸர் வாயில் விரலை விட்டு, சக்கரத்தின் நடுவில் இருக்கும் நட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். பழைய டி25 ஜர்னல் பேரிங், தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற வடிவமைப்பு, காய்ந்து கிடக்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் ஆட்டினால் சக்கரத்தின் நுனி சுவரைத் தொடக்கூடாது. அடுத்து, அதே நட்டை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். இந்தத் திசையில் அசைவு தெரியவே கூடாது. "டக்" என்று விரலுக்குத் தட்டுப்பட்டால் த்ரஸ்ட் பேரிங் (தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது) போய்விட்டது, கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பிறகு டார்ச். அலுமினியச் சக்கரத்தின் இதழ் நுனி கூர்மையாக இருக்கிறதா, கல் தின்றதா? சுற்றுச் சுவரில் பளபளவென்று அரை வட்டக் கோடு இருந்தால் சக்கரம் எப்போதோ உரசியிருக்கிறது. டர்பைன் பக்கம் திருப்பி, வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் புகையை விலக்கிவிடும் கதவு) துவாரத்தைப் பாருங்கள். துவாரத்திலிருந்து வெடிப்புக் கோடு கிளம்பியிருக்கும், பழைய வார்ப்பில் பொதுவாக இருப்பதுதான். மயிரிழையாக இருந்தால் பரவாயில்லை, கதவு உட்காரும் விளிம்பைக் கடந்தால் வேண்டாம். கதவு முழுசாக மூடுகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். டிஷ்யூவை டர்பைன் பக்கத்துத் தண்டு ஓரத்தில் ஒற்றி எடுங்கள். காய்ந்த கரி என்றால் சரி, ஈரமான எண்ணெய் என்றால் சீல் சந்தேகம்.

தவுக்கே (கடை முதலாளி) "டெஸ்ட் பண்ணியாச்சு லா" என்பார். எதில் டெஸ்ட் பண்ணினார் என்று கேட்காதீர்கள், பதில் வராது. இன்ஜினோடு ஒட்டியே இருக்கிற டர்போ என்றால் நல்லது, எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே சேறு படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பழைய சொந்தக்காரரின் குணம் தெரிந்துவிடும்.

12 ஜூன்

டிடி04 பற்றி முதல் நாள் போகிற போக்கில் எழுதினேன். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கு அது வேண்டாம். டர்போவில் குறை இல்லை. ஆனால் டிடி04 என்பது ஒரே டர்போ அல்ல, ஒரு குடும்பம். சுபாரு இம்ப்ரெஸாவில் வந்தது ஒரு மாதிரி, வோல்வோவில் வந்தது வேறு மாதிரி, ஃபிளான்ஞ் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஒன்றோடு ஒன்று சேராது. டி25-இன் நாலு போல்ட் ஃபிளான்ஞில் டி25, டி28, ஜிடி2860ஆர்எஸ் மூன்றும் உட்காரும். மேனிஃபோல்டை (இன்ஜின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாயை) டி25 ஃபிளான்ஞில் போட்டுவிட்டால், நாளைக்கு 1.8 இன்ஜினுக்குப் போகும்போது டர்போவை மட்டும் கழற்றி மாற்றலாம். எண்ணெய், தண்ணீர்க் குழாய்களும் டவுன்பைப்பும் மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். ஃபோர்மனின் "பிறகு மாத்த வேண்டாம்" கவலைக்கு இதுதான் பதில், பெரிய டர்போ இல்லை.

14 ஜூன்

"டர்போ, மேனிஃபோல்ட், இன்டர்கூலர், பைப், அவ்வளவுதானே?" இல்லை. பாதிதான் ஆகியிருக்கிறது.

1.6-இன் கம்பெனி இன்ஜெக்டர் (பெட்ரோல் பீய்ச்சும் முனை) நிமிடத்துக்கு 200 சிசி சொச்சம். 180 குதிரை வேண்டுமானால், எண்பது சதவீத வேலைக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் 350 சிசியாவது இருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கிற அடுத்த அளவாக எடுங்கள். காற்றை அளக்கும் கதவு வைத்த பழைய ஏர்ஃப்ளோ மீட்டரை எடுத்துவிட்டு, உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அதற்கு ஸ்டாண்ட்அலோன் இசியு (தனி இன்ஜின் கணினி). காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்று, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பூஸ்டில் பெட்ரோல் குறைந்து கலவை நீர்த்துப் போனால் கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டும். காதுக்குக் கேட்கிற நாக்கிங் ஏற்கெனவே தாமதமான நாக்கிங்.

எரிபொருள்: ரான் 97-க்கு ட்யூன் செய்யுங்கள், 97-ஐ மட்டும் ஊற்றுங்கள். 95 மலிவு என்று ஒருநாள் ஊற்றி, அன்றைக்கே பெனாங் பாலத்தில் பந்தயம் விட்டால், இசியுவில் ஏற்றிய மேப்புக்கு (பெட்ரோல், ஸ்பார்க் கணக்குப் பட்டியலுக்கு) அது தெரியாது. 95-தான் ஊற்றுவேன் என்று பிடிவாதமாக இருந்தால் ட்யூனரிடம் முன்பே சொல்லி 95-க்கே மேப் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் குதிரை குறையும், இன்ஜின் இருக்கும்.

என் செலவில் அதிகம் போனது டர்போவுக்கு இல்லை, ட்யூனிங்குக்கும் அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் கெடுத்து வைத்த வயரிங்கைப் பிரித்துக் கட்டுவதற்கும்தான். எந்த இடம் என்று கேட்டுச் செய்தி அனுப்பாதீர்கள், சொல்ல மாட்டேன். டைனோவில் (குதிரைத்திறன் அளக்கும் உருளையில்) ஏற்றுகிற ட்யூனரைப் பிடியுங்கள். சாலையில் மடிக்கணினியைத் தொடையில் வைத்து "பரவாயில்லை லா" என்பவரை விடுங்கள்.

15 ஜூன்

"ஜேபிஜே?" என்று ஒற்றைச் சொல்லில் ஒருவர்.

இன்ஜினில் மாற்றம் செய்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனை. காப்புறுதிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்து விபத்து வந்தால் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி. இதில் குறுக்கு வழி சொல்ல நான் ஆள் இல்லை.

ஒரு நல்ல செய்தி: பெட்ரோல் காடிக்குச் சாலை வரி நம் மலேசியாவில் சிசியை வைத்துத்தான், குதிரையை வைத்து இல்லை. 1.6-க்கு தீபகற்பத்தில் 90 வெள்ளி. டர்போ வைத்தாலும் 90. 1,839 சிசி 1.8 இன்ஜின் மாற்றினால் 1,800-க்கு மேல் போய்விடுவதால் 299 வெள்ளி 50 காசு. மாஸ்டா அந்த 39 சிசியைக் குறைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்!

புரோட்டோனும் இதே 1.6-இல்தான் கேம்ப்ரோ சிஎஃப்இ டர்போவைக் கொண்டுவந்தது, எக்சோரா போல்ட், ப்ரேவே எல்லாம். 205 நியூட்டன் மீட்டர், 2,000-லிருந்து 4,000 வரை. உச்சக் குதிரை 138-தான். தினசரி ஓட்டுகிற காடிக்குக் கீழ் ஆர்பிஎம்மில் என்ன வேண்டும் என்று தெரிந்து பொறுக்கிய சின்ன டர்போ. ஸ்போர்ட்ஸ் காடிக்கு நான் அவ்வளவு கீழே போகச் சொல்லவில்லை. ஆனால் டி28 ஆட்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்கலாம்.

18 ஜூன்

மேனிஃபோல்ட்: வார்ப்பிரும்பு கிடைத்தால் அதுவே. அசிங்கமாக இருக்கும், சுலபத்தில் வெடிக்காது. மெல்லிய ஸ்டீல் குழாயில் வளைத்து வளைத்துப் பற்றவைத்தது படத்துக்கு அழகு. டர்போவின் எடையைத் தாங்கிக்கொண்டு தினமும் சூடாகி ஆறினால் பற்றவைத்த இடத்தில் கீறும். குழாய்தான் வேண்டும் என்றால் கனமான சுவர்க் குழாயில், டர்போவுக்குத் தனியாக ஒரு தாங்கு கம்பியோடு.

ட்வின் ஸ்க்ரோல் (இரட்டை வழி டர்பைன்) உங்களுக்குத் தேவையில்லை. ஒன்றும் நாலும் ஒரு பக்கம், இரண்டும் மூன்றும் மறுபக்கம் என்று எக்ஸாஸ்டைப் பிரித்து அனுப்பினால் பெரிய டர்போ சீக்கிரம் எழும், உண்மை. டி25 ஏற்கெனவே சீக்கிரம் எழுகிறது.

வேஸ்ட்கேட் டர்போவோடு வருகிறதே போதும். அதன் ஸ்பிரிங் எந்த அழுத்தத்துக்கோ அதற்குக் கீழே பூஸ்டை எந்த கன்ட்ரோலராலும் குறைக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அரை பார் வேண்டுமானால் அரை பாரில் திறக்கிற ஆக்சுவேட்டர் (அந்தக் கதவை இயக்கும் பாகம்) போடுங்கள். எக்ஸாஸ்டை ரொம்பத் திறந்துவிட்டால் மேல் ஆர்பிஎம்மில் அந்தச் சின்னத் துவாரம் போதாமல் பூஸ்ட் தானாக ஏறும். அப்போது துவாரத்தைக் கொஞ்சம் அரைத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் செய்தால் அரை மணி நேர வேலை.

21 ஜூன்

டி25 கிடைத்துவிட்டதாம், த்ரஸ்ட் அசைவு இல்லை. படம் அனுப்பியிருக்கிறார். சக்கரம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஃபோர்மன் எண்ணெய் திரும்பும் குழாயை இன்ஜின் பக்கவாட்டில் வளைத்துக் கொண்டுபோய், நடுவில் ஒரு தொங்கல் விட்டு, ஆயில் பானில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே சேர்க்கத் திட்டமிட்டிருக்கிறார். நிறுத்துங்கள்.

டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு போகும், வெளியே வருவது தன் எடையால் மட்டும்தான். அதனால் திரும்பும் குழாய் முடிந்தவரை நேர் கீழே, தொங்கல் இல்லாமல், தடிமனாக, பானில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். எண்ணெய் பின்வாங்கி நின்றால் சீலைத் தாண்டி டர்பைன் பக்கம் கசிந்து நீலப் புகை அடிக்கும். டர்போ போய்விட்டது என்று கழற்றித் தூக்கிப் போடுவார்கள். பாதி "செத்த டர்போ" இப்படித்தான் சாகாமலே செத்தது. பானைக் கழற்றி, சுத்தமாகத் துளையிட்டு, நிப்பிளைப் பற்றவைத்து மாட்டுங்கள். பான் காடியிலேயே இருக்க, கிரீஸ் தடவி ட்ரில் பண்ணினால் சீவல் எல்லாம் அதிலேயே ஒட்டும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

எண்ணெய் உள்ளே போகும் குழாயில் ரெஸ்ட்ரிக்டர் (ஓட்டத்தைக் குறைக்கும் சிறு துளை) வேண்டுமா என்றும் கேட்டார். இந்த ஜர்னல் பேரிங் டி25-க்கு வேண்டாம். ஜிடி வகை பால் பேரிங்குக்குத்தான் 1 மில்லிமீட்டர் அளவில் கட்டுப்படுத்தித் தர வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் அதிகமாகி அதுவும் புகையும்.

28 ஜூன்

0.5 பார், ரான் 97, டைனோ நேரம் எடுத்தாயிற்று என்று செய்தி. டிஃபரன்ஷியல் பழசே. சரி, முதல் கியரில் முழுசாக மிதிக்காதீர்கள்.

கடைசிக் கேள்வி டவுன்பைப். மூன்று இன்ச் வேண்டாம், இரண்டரை போதும். இந்தக் குதிரைக்கு மூன்று இன்ச்சில் கிடைக்கிற லாபத்தைவிட தாமானுக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் உரசுகிற சத்தம் பெரிது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தை) எடுத்து எறியச் சொல்கிற ஃபோர்மனிடம், புஸ்பகோமுக்குக் காடியை அவரே ஓட்டிக்கொண்டு போவாரா என்று கேளுங்கள்.